நோவா வெப்ஸ்டர்: சொல்லைப் பிரித்துக் கற்பித்த ஆசிரியர்

பழைய ஆங்கில நூலொன்றைக் கையிலெடுத்து விரித்து நோக்குவோர்க்கு, அதன் பக்கங்களில் ஒரு விநோதம் புலப்படாமற் போகாது. வரி முடியுமிடத்தில் சொல் முடியாமல் இரண்டாக முறிந்து, முற்பகுதி மேல்வரியின் இறுதியிலும் பிற்பகுதி கீழ்வரியின் முதலிலும் நிற்கும். முறிந்த இடத்தை உணர்த்த ஹைபன் என்னும் சிறுகோடு ஒன்று இடப்பட்டிருக்கும். நமது தமிழ் நூல்களில் வரி நிரம்பியவிடத்து எழுத்துக்களை அடுத்த வரிக்குக் கொண்டுபோவதற்கு இத்தகைய கோடு பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் ஒலியைத் தானே உடையதாதலின், எங்கே பிரித்தாலும் படிப்பவன் தடுமாறான். ஆங்கிலத்தின் நிலை அஃதன்று. அதில் ஒரு சொல்லைத் தகாத இடத்தில் முறித்தால் அதன் ஓசையே மாறிப் பொருளும் மயங்கும்.

இவ்வழக்கம் அச்சுத் தொழிலோடு உடன்பிறந்ததென்றே கூறலாம். ஜெர்மனி தேசத்து மெய்ன்ஸ் நகரில் குட்டன்பர்க் என்பார் 1455-ஆம் ஆண்டையொட்டி அச்சிட்ட நாற்பத்திரண்டு வரி வேதாகமத்திலேயே, வரியின் ஓரத்தில் முறிந்த சொற்களைச் சாய்ந்த இரட்டைக் கோடுகள் சுட்டி நிற்பதைக் காணலாம். காக்ஸ்டன் என்பார் 1476-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியதுமுதல் இங்கிலாந்திலும் அச்சுத்தொழில் வேரூன்றியது. ஈயத்தால் வார்த்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து வலப்பக்க ஓரமும் நேர்கோடாக நிற்கும்படி செய்ய முயன்ற அச்சுக்கோப்போர்க்கு இடமோ அளவாயிருந்தது, எழுத்தோ சுருங்காது. ஆகவே சொல்லை முறிப்பதன்றி வேறு வழி அரிதாயிற்று. எங்கே முறிப்பது என்பதற்கு நெடுங்காலம்வரை உறுதியான விதி இல்லை. அச்சுக்கூடத்துக்கு ஒரு வழக்கமும், இலக்கண ஆசிரியருக்கு ஒரு கொள்கையுமாக இருந்தன.

முறிந்த சொல்லைப் பற்றிய இக்கேள்வி மிகச் சிறியதென்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், இச்சிறு கேள்வியைப் பாலர்களின் கல்வியோடு பிணைத்து, அதிலிருந்தே ஒரு தேசத்தின் மொழியைச் செப்பனிடப் புகுந்தார் ஒருவர். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேரகராதி ஆசிரியரென உலகம் அறிந்த நோவா வெப்ஸ்டர். அகராதியாசிரியராக அவரை அறிந்தோர் பலர். பள்ளியாசிரியராக அவரை அறிந்தோர் சிலரே. அவருடைய சரித்திரத்தைச் சுருங்க எடுத்துரைப்பது நம் மாணவர்க்குப் பயன் தருமெனக் கருதுகின்றோம்.

வெப்ஸ்டர் 1758-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் நாள், கனெக்டிகட்டில் ஹார்ட்போர்டு நகரின் மேற்குப் பகுதியில் பிறந்தார். தந்தையார் உழவர், பெருஞ்செல்வர் அல்லர். எனினும் மகனுடைய கல்வியார்வத்தைக் கண்டு, தம் நிலத்தை ஈடுவைத்துப் பணம் பெற்று, 1774-ஆம் ஆண்டில் அவனை யேல் கலாசாலைக்கு அனுப்பினார். அக்காலம் கல்விக்கு ஏற்ற காலமாக இல்லை. 1775-இல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. 1776-இல் குடியேற்ற நாடுகள் தம் சுதந்தரத்தைப் பறைசாற்றின. போரின் இடையூறுகளால் கலாசாலை வகுப்புக்கள் அடிக்கடி கலைந்தன. 1777-இல் பர்கோயின் தளபதியின் சேனையை எதிர்க்கப் புறப்பட்ட ஊர்ப்படையில், தந்தையாரோடும் சகோதரரோடும் வெப்ஸ்டரும் நடந்து சென்றார். 1778-இல் பட்டம் பெற்று வீடு திரும்பிய மகனிடம், தந்தையார் மதிப்பிழந்துபோன எட்டு டாலர் காகிதப் பணத்தைக் கொடுத்து, இனித் தன் பிழைப்பைத் தானே தேடிக்கொள்ள வேண்டுமென்று கூறிவிட்டார். அவ்விளைஞர் தம் அறைக்குட் சென்று சில நாட்கள் புத்தகங்களோடு தனித்திருந்து மனம் தெளிந்தாரென்பர்.

சட்டம் கற்று நியாயவாதியாக வேண்டுமென்பது அவரது விருப்பம். பணமின்மையால் பள்ளிக்கூட உபாத்தியாயரானார். ஓய்வு நேரங்களிற் சட்டம் பயின்று 1781-இல் நியாயவாதியாக அனுமதியும் பெற்றார். ஆனால் போரினால் நலிந்த நாட்டில் வழக்காட வருவோர் இலர். மறுபடியும் பள்ளிக்கூடமே அவருக்குப் புகலிடமாயிற்று. 1782-ஆம் ஆண்டில், கையில் ஒரு டாலரும் நிரம்பாத நிலையில், நியூயார்க்கைச் சேர்ந்த கோஷன் என்னும் ஊரை அடைந்து அங்கே கற்பிக்கலானார். அக்காலத்துப் பள்ளிகளின் அவலத்தை அவர் நேரிற் கண்டார். ஒரே அறையில் பல வயதுச் சிறுவர்கள் நெருங்கியிருப்பர். போரினால் இங்கிலாந்திலிருந்து புத்தகங்கள் வருவது அருகிவிட்டது. கிடைத்த புத்தகமோ, டில்வொர்த் என்னும் ஆங்கில உபாத்தியாயர் 1740-இல் வெளியிட்ட பழைய எழுத்துக்கூட்டு நூல். வெப்ஸ்டர் தாமும் பாலப் பருவத்தில் அதனையே கற்றவர். கற்ற காலத்திற் புலப்படாத குறைகள் கற்பித்த காலத்திற் புலப்பட்டன.

அக்குறைகளுள் தலையாயது யாதெனின், சொற்களை அசை அசையாகப் பிரித்துக் காட்டிய முறையே. அதனைச் சிறிது விளக்குவோம். தமிழிற் குறிலும் நெடிலும் வடிவத்தாலேயே வேறுபடும். கண்டவுடனே ஓசை விளங்கும். ஆங்கிலத்தில் ஐந்து உயிரெழுத்துக்களே குறிலுக்கும் நெடிலுக்கும் பிறவற்றிற்கும் நின்று பணிசெய்கின்றன. ஓர் அசை உயிரெழுத்தோடு முடிந்தால் அதனைப் பெரும்பாலும் நீட்டி ஒலிப்பதும், மெய்யெழுத்தோடு முடிந்தால் குறுக்கி ஒலிப்பதும் அம்மொழியின் இயல்பு. டில்வொர்த் முதலியோரோ, இரண்டு உயிர்களுக்கு இடைநின்ற மெய்யைப் பின்வந்த உயிரோடு சேர்க்க வேண்டுமென்னும் லத்தீன் மொழி விதியைப் பின்பற்றினர். இவ்விதியின்படி, நம் திருச்சபையில் வழங்கும் பிஷப் என்னும் சொல்லை முதல் உயிரோடு நிறுத்திப் பிரித்தால், விதியறிந்த பாலன் அதனைப் பைஷப் என்றன்றோ படிப்பான்? கொத்து என்று பொருள்படும் கிளஸ்டர் என்னும் சொல் க்ளூ-ஸ்டர் ஆகிவிடும். புத்தகம் ஒன்றைக் காட்ட, உபாத்தியாயர் மற்றொன்றை ஒலிக்க, பாலன் இடையில் நின்று பிரம்படி பெறுவான். பிழை பாலனுடையதன்று, பிரித்தவனுடையது என்று வெப்ஸ்டர் துணிந்தார்.

ஆகவே, நாவில் எவ்வாறு பிரிகின்றதோ அவ்வாறே தாளிலும் பிரிக்க வேண்டுமென்பதை அவர் தம் முறையாகக் கொண்டார். கிளஸ்-டர் என்று மெய்யோடு நிறுத்தி முறித்தால், முதலசை தானே குறுகி ஒலிக்கும். விதியை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. மேலும் டி, ஐ, ஓ, என் என்னும் நான்கு எழுத்துக்களால் முடியும் எண்ணிறந்த சொற்களில் அவ்வீற்றைப் பழையோர் இரண்டு அசையாகப் பிரித்தனர். பேச்சில் அது ஷன் என்னும் ஓரசையே. வெப்ஸ்டர் அதனை ஓரசையாகவே வைத்தார். இக்கொள்கை முழுதும் அவர் புதிதாகக் கண்டதென்று நாம் கூறோம். ஆங்கில இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் என்னும் பெரியார், சரியான உச்சரிப்பில் அசைகள் பிரியுமாறே எழுத்திலும் பிரிக்க வேண்டுமென்று 1762-லேயே கூறியுள்ளார். அவரும் பின்னர் லண்டன் நகரத்துப் பிஷப்பாக விளங்கியவரே. ஆனால், அறிஞர்க்குக் கூறிய விதியைக் குழந்தைகளின் கையில் புத்தகமாக வைத்த பெருமை வெப்ஸ்டருக்கே உரியது.

1783-ஆம் ஆண்டு, சமாதான உடன்படிக்கையால் அமெரிக்கா சுதந்தர நாடென ஒப்புக்கொள்ளப்பட்ட அதே ஆண்டில், ஹார்ட்போர்டு நகரத்து அச்சகத்தார் வாயிலாகத் தம் சொந்தப் பொறுப்பிலேயே அந்நூலை வெளியிட்டார். யேல் கலாசாலைத் தலைவரின் யோசனைப்படி அதற்குப் பாலர்கள் நாவில் அடங்காத நீண்ட பெயர் ஒன்று முதலில் இடப்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்க எழுத்துக்கூட்டு நூல் என்று எளிய பெயர் பெற்றது. நீலநிற அட்டையினால் அதனை நீலமுதுகுப் புத்தகம் என்று மக்கள் அன்போடு அழைத்தனர். ஓரசைச் சொல், ஈரசைச் சொல், மூவசைச் சொல் என்று எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறும் அட்டவணைகளும், இடையிடையே சிறு வாசகங்களும் நீதிக் கதைகளும் அதில் அமைந்திருந்தன. சிறுவர்கள் ஒருங்கே குரலெழுப்பி அசை அசையாகச் சொல்லை முறித்துக் கூட்டிப் பாடம் ஒப்பித்தனர். மாலை வேளைகளில் ஊரார் கூடி எழுத்துக்கூட்டுப் போட்டி நடத்துவதும் வழக்கமாயிற்று.

நூலை எழுதியதோடு அவர் வேலை முடியவில்லை. ஒரு மாகாணத்தில் வெளியான புத்தகத்தை மற்றொரு மாகாணத்தார் ஆசிரியர்க்கு ஒரு காசும் கொடாமல் அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லாத காலம் அது. வெப்ஸ்டர் மாகாணந்தோறும் பிரயாணம் செய்து, நூலாசிரியரின் உரிமையைக் காக்கும் சட்டம் வேண்டுமென மன்றாடினார். 1785-இல் மவுண்ட் வெர்னனில் வாஷிங்டனையும், அடுத்த ஆண்டில் பிலடெல்பியாவில் பிராங்க்ளினையும் கண்டு அளவளாவினார். 1790-இல் ஐக்கிய நாடுகள் முழுமைக்குமான பதிப்புரிமைச் சட்டம் பிறந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, முதியவராகிய பின்னரும் அவர் வாஷிங்டன் நகரம் சென்று வாதாடினார். 1831-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுரிமைக் காலம் 14 ஆண்டிலிருந்து 28 ஆண்டாக நீண்டது.

அந்நூல் அவர் வாழ்நாளிலும் அதன் பின்னருமாகப் பல கோடிப் பிரதிகள் விற்பனையாயிற்று. ஒரு பிரதிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சென்ட்டுக்கும் குறைவே. அச்சிறு துளிகள் திரண்டே பிற்காலத்தில் அவர் குடும்பத்தைத் தாங்கின. ஆயினும் அந்நூலின் பெருமையைப் பணத்தால் அளக்கலாகாது. பால்டிமோரில் அடிமையாயிருந்த பிரடெரிக் டக்ளஸ் என்னும் சிறுவன், எஜமானர் அறியாமல் எழுதப் பழகியபோது, வெப்ஸ்டரின் நூலிலிருந்த சாய்வெழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து எழுதியே கைதேர்ந்தான். அடிமைத்தனம் 1865-இல் ஒழிந்தபின், புக்கர் வாஷிங்டன் என்னும் நீக்ரோ குலத்துப் பெரியார், தம் பிள்ளைப்பிராயத்தில் தாய் எங்கிருந்தோ தேடிக்கொணர்ந்த நீலமுதுகுப் புத்தகத்தையே முதன்முதற் கையிலெடுத்தார். கற்பிக்க ஆளில்லாதவிடத்தும் தானே கற்பிக்கவல்ல புத்தகம் அது. அசைகளைச் செவ்வையாகப் பிரித்து வைத்தமையன்றோ அதற்குக் காரணம்!

வெப்ஸ்டரிடத்துக் குறைகள் இல்லாமலில்லை. பிராங்க்ளினின் நட்பினால் ஊக்கம் பெற்று, ஒலிக்கிறபடியே எழுத வேண்டுமென்னும் ஆர்வம் மிகுந்து, 1790-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் பழகிய சொற்களின் எழுத்துக்களைக் கண்டபடி மாற்றினார். கற்றோர் நகைத்தனர். நாளடைவில் அவரே தணிந்து, பயனற்ற எழுத்துச் சிலவற்றை நீக்குவதும் சிலவற்றை இடம் மாற்றுவதுமாகிய சிறு திருத்தங்களோடு பெரும்பாலும் அமைந்தார். நிறம், மையம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களை இங்கிலாந்தார் ஒருவாறும் அமெரிக்கர் மற்றொருவாறும் எழுதுவது இன்றும் நாம் காண்பதே. இவ்வேறுபாடு நிலைபெற்றதற்கு அவர் பெருங்காரணர். நாக்கு என்னும் பொருளுடைய சொல்லை ஒலிப்படியே சுருக்கி எழுதுமாறு அவர் கூறியதை ஒருவரும் ஏற்கவில்லை. தம் கருத்தை மறுத்தோரோடு கடுமையாகப் போராடுவதும், தற்பெருமையும் அவர்க்கு இயல்பாக இருந்தன. 1808-இல் அவருள்ளத்தில் ஆழ்ந்த சமய மாறுதல் உண்டாயிற்று. அதுமுதல் தம் திறமைகளை ஆண்டவருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டிய பொருளாக எண்ணலானார்.

1806-இல் சிறிய அகராதியொன்றை வெளியிட்ட பின்னர், பேரகராதி வேலையில் இறங்கினார். வட்டமாகச் செய்த மேசையொன்றின்மேல் பல மொழி அகராதிகளைப் பரப்பிவைத்து, ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நின்றவண்ணமே ஆராய்வார். இவ்வேலைக்காக இருபதுக்கு மேற்பட்ட மொழிகளைப் பயின்றார். செலவு சுருக்கும்பொருட்டு 1812-இல் ஆம்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரிற் குடியேறி, அங்கே ஒரு கலாசாலை தோன்றவும் உதவினார். 1824-இல் மகனோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் பாரிஸ் நகரத்து நூல்நிலையத்திலும், பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் உழைத்தார். 1825-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜில் தாம் தங்கிய விடுதியில் இறுதிச் சொல்லை எழுதி முடித்தபோது, அவர் கை நடுங்கிற்று. பேனாவைப் பிடிப்பதே அரிதாயிற்று. எழுந்து அறையிற் சிறிது உலாவிய பின்னரே தேறினார். 1828-இல், அவருடைய எழுபதாவது பிராயத்தில், எழுபதினாயிரம் சொற்களோடு இரண்டு பெருந்தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. அச்சிட்டவை 2,500 பிரதிகளே. விலை 20 டாலர்.

சொற்பொருள் உரைப்பதில் அவர் பெற்ற வெற்றி, சொற்பிறப்பு உரைப்பதிற் கிட்டவில்லை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றின் உறவைக் கல்கத்தாவிலிருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786-லேயே எடுத்துக் காட்டியிருந்தார். ஜெர்மானிய அறிஞர் அதனைச் சாஸ்திரமாக வளர்த்துவந்தனர். வெப்ஸ்டரோ, எல்லா மொழிகளும் கல்தேய மொழி போன்ற ஓர் ஆதிமொழியினின்றும் பிறந்தனவென நம்பி, ஓசை ஒப்புமையையே பற்றிச் சென்றார். ஆகையால் அவர் பல ஆண்டுகள் உழைத்த அப்பகுதி பின்வந்த பதிப்பாசிரியர்களால் நீக்கப்பட்டது. பெரியதென்று அவர் எண்ணி உழைத்தது மறைந்தது. பாலர்க்கென்று எளிதாக எழுதியது நிலைத்தது.

1833-இல் வேதாகமத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வழக்கொழிந்த சொற்களை மாற்றி ஒரு பதிப்பு வெளியிட்டார். தம் நூல்களுள் அதனையே முதன்மையாக மதித்தார். ஆயினும் அது பரவவில்லை. அகராதியின் இரண்டாம் பதிப்புக்காகத் தம் வீட்டையே ஈடுவைத்தார். மகனுடைய கல்விக்காகத் தந்தை நிலத்தை ஈடுவைத்தார். அக்கல்வியின் பயனை உலகிற்கு அளிக்க மகன் வீட்டை ஈடுவைத்தான். அப்பதிப்பு 1841-இல் நிறைவெய்தியது. 1843-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், எண்பத்துநான்காம் வயதில், நியூ ஹேவனில் அவர் இறைவனடி சேர்ந்தார். விற்பனையாகாமல் எஞ்சிய பிரதிகளையும் உரிமையையும் ஸ்பிரிங்பீல்டு நகரத்து மெரியம் சகோதரர்கள் வாங்கிக்கொண்டனர். அவருடைய பெயரைத் தாங்கிய அகராதிகள் இன்றளவும் வெளிவருகின்றன.

இனி, நாம் தொடங்கிய சிறுகோட்டுக்கு மீள்வோம். அமெரிக்கர் வரியிறுதியிற் சொல்லை முறிக்கும்போது பெரும்பாலும் ஓசையை நோக்குவர். இங்கிலாந்தார் பலர் சொல்லின் பகுதியை நோக்குவர். ஜனநாயகம் என்னும் பொருளுடைய டெமாக்ரசி என்னும் சொல்லை அமெரிக்கர் டெமாக்-ரசி என்றும், இங்கிலாந்து மரபினர் கிரேக்கப் பகுதி விளங்க டெமா-க்ரசி என்றும் முறிப்பர். முன்னவர் நாவுக்கும் பின்னவர் மூலத்துக்கும் மதிப்பளிக்கின்றனர். வேறொரு சிக்கலும் உண்டு. இன்று, நாளை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை பலர் நடுவே சிறுகோடிட்டே எழுதிவந்தனர். அத்தகைய சொல் வரியிறுதியில் முறிந்து நின்றால், அக்கோடு சொல்லுக்கு உரியதோ, இடமின்மையால் இட்டதோ என்று எவ்வாறு அறிவது? பழைய நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றிக் காக்கும் இக்காலத்திலும், பொறி இரண்டு துண்டுகளையும் தவறாக ஒட்டியோ ஒட்டாமலோ விட்டுவிடுகின்றது. அதே ஆசிரியர் பிறவிடத்தில் அச்சொல்லை எவ்வாறு எழுதினாரென்று தேடிக் கண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கின்றது. பொறுமையுள்ள மனிதக் கண்ணுக்கு இன்னும் வேலையிருக்கின்றது.

மாணவ நேயர்களே! கற்க வந்த பாலன் தடுமாறியபோது, அவன் மந்தன் என்று கூறிப் பிரம்பெடுத்தோர் பலர். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, பிழை இங்கே இருக்கின்றது என்று கண்டவர் ஒருவர். நம்மிற் பலர் இக்கலாசாலையை விட்டு உபாத்தியாயராகவே செல்லப்போகின்றோம். நம் மாணவன் ஒருவன் ஒரு சொல்லிற் கால் இடறி நிற்கும்போது, அவனைக் கடிவதற்கு முன், நாம் அச்சொல்லை எங்கே முறித்துக் கொடுத்தோம் என்று ஒருமுறை நோக்குவோமாக.